காற்று ஓய்ந்த மறுநாள்

நவம்பர் பிறந்துவிட்டால் ஜொகூரின் கிழக்குக் கரையில் இரு தரப்பினர் ஒரே அறிவிப்பின்மேல் கண்வைத்திருக்கிறார்கள். மலேசிய வானிலை ஆய்வுத் துறை, மெட்மலேசியா, வெளியிடும் பலத்த காற்று, கொந்தளிக்கும் கடல் எச்சரிக்கை அது. மெர்சிங்கிலும் செடிலியிலும் உள்ள மீனவர்கள் அதைப் பார்த்ததும் படகை ஆற்றுக்குள் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். தெசாரு, பத்து லாயார், தஞ்சோங் பாலாவ் கரைகளில் அலைச்சறுக்குபவர்களோ பலகைக்கு மெழுகு பூசத் தொடங்குகிறார்கள். எச்சரிக்கைக்கு மூன்று படிகள் உண்டு. மணிக்கு 40 முதல் 50 கி.மீ. காற்றும் 3.5 மீட்டர் வரை அலையும் முதல் படி. 50 முதல் 60 கி.மீ. காற்றும் 4.5 மீட்டர் வரை அலையும் இரண்டாம் படி. அதற்கு மேல் போனால் மூன்றாம் படி.

சறுக்க வருகிறவர்களில் புதியவர்கள் இந்தப் படிகளைப் பரிசுப் பட்டியலைப் போலப் படித்துவிடுகிறார்கள். எண் பெரிதானால் நாள் நல்லது என்று நினைத்து, செனாய்–தெசாரு நெடுஞ்சாலையில் செம்பனைத் தோட்டங்களைக் கடந்து விரைகிறார்கள். கரைக்கு வந்து பார்த்தால் மண் கலங்கிய நீர், எந்தத் திசையிலிருந்து என்று சொல்ல முடியாதபடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கும் நுரை, பலகையை நெஞ்சில் அறைந்து திருப்பியனுப்பும் காற்று. எச்சரிக்கையின் உச்ச நாளில் ஜொகூர்க் கடலில் அலை நிறைய இருக்கும். சறுக்கத்தக்க அலை இருக்காது. முதல் படியிலேயே சிறு படகுகளுக்கும் கடல் விளையாட்டுகளுக்கும் ஆபத்து என்றுதான் எச்சரிக்கை சொல்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த அத்தியாயம் முழுவதையும் நடத்திச் செல்வது ஒரே உண்மை. ஜொகூரில் அலையைக் கொண்டுவருவதும் அதைக் கெடுப்பதும் ஒரே காற்றுதான். காற்று இல்லாவிட்டால் அலை இல்லை. காற்று இருந்தால் அலைக்கு முகம் இல்லை. ஆனால் காற்று ஓய்வதற்கும் அலை ஓய்வதற்கும் இடையே ஒரு கால இடைவெளி இருக்கிறது. காற்று சில மணி நேரத்தில் அடங்கிவிடும், அலை அடங்க நாள் பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் விழும் ஒரு காலைப் பொழுதை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கண்டுபிடிப்பதுதான் இங்கே கடலைப் படிப்பது.

அலை எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். காற்றின் வேகம், அது விடாமல் வீசும் நேரம், தடையில்லாமல் அது ஓடிவரும் நீர்வெளியின் நீளம் ஆகிய மூன்றும் சேர்ந்து அலையின் அளவைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் ஏதாவது ஒன்று குறைந்தாலும் அலை வளர்வது நின்றுவிடும். மூன்றும் தாராளமாக இருந்தாலும் அலை வரம்பின்றி வளராது. காற்றின் வேகத்தை அலையின் ஓட்டம் எட்டிப்பிடித்ததும் காற்றால் அதற்கு மேலும் ஆற்றலைத் தர முடியாமல் போகிறது. வட அட்லாண்டிக்கில் நின்ற வானிலைக் கப்பல்களின் பதிவுகளைக் கொண்டு 1964இல் பியர்சன், மாஸ்கோவிட்ஸ் என்ற இருவர் இந்த உச்ச நிலையைக் கணக்கிட்டார்கள். அவர்கள் கணக்கின்படி விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று நீண்ட நேரம் வீசினால் கடலில் ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 7 விநாடி இடைவெளியும் கொண்ட அலைகள் உருவாகும். விநாடிக்கு 13 மீட்டரானால் (மணிக்கு 47 கி.மீ.) உயரம் மூன்றரை மீட்டரைத் தாண்டும், இடைவெளி 9 விநாடியைக் கடக்கும். மெட்மலேசியாவின் முதல் படி எச்சரிக்கையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 47 கி.மீ. காற்றுக்கு மூன்றரை மீட்டர் அலை என்று இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன.

இங்கே இடைவெளி என்றது ஓர் அலையின் முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்குள் கழியும் நேரம். அலைக்காலம் என்று பாடநூல்கள் சொல்லும். கடலைப் படிக்கிறவருக்கு உயரத்தைவிட இதுதான் முக்கியம், ஏனென்றால் அலையின் நீளம், வேகம், எந்த ஆழத்தில் அது தரையை உணரும் என்பதெல்லாம் அலைக்காலத்திலிருந்தே கிடைத்துவிடுகின்றன. ஆழ்கடலில் 8 விநாடி அலையின் நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். 14 விநாடி அலைக்கு அது 300 மீட்டரைத் தாண்டிவிடும். அலைக்கூட்டமாக ஆற்றல் நகரும் வேகம் முன்னதற்கு மணிக்குச் சுமார் 22 கி.மீ., பின்னதற்குச் சுமார் 39 கி.மீ. நீண்ட அலை முந்திக்கொண்டு ஓடும், குட்டை அலை பின்தங்கும்.

இந்த முந்துதலும் பிந்துதலும்தான் தூரத்திலிருந்து வரும் அலையை அழகாக்குகின்றன. புயல் நடக்கும் இடத்தில் எல்லா அளவு அலைகளும் கலந்து கிடக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தில் கடலே அவற்றைப் பிரித்து அடுக்கிவிடும்: முதலில் நீண்டவை, பிறகு நடுத்தரமானவை, கடைசியில் குட்டையானவை. வால்டர் மங்க் என்ற கடலியல் அறிஞர் 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக்கின் குறுக்கே ஆறு நிலையங்கள் அமைத்து, தென்கோடிப் புயல்களில் பிறந்த அலைகளைப் பின்தொடர்ந்தார். ஒவ்வொரு நிலையத்திலும் அலைக்காலம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. குறையும் வேகத்தைக் கணக்கிட்டால் புயல் எவ்வளவு தொலைவில், எந்த நாளில் இருந்தது என்று பின்னோக்கிச் சொல்லிவிடலாம். பெருங்கடலின் ஒரு முனையில் பிறந்த அலை பெரும் இழப்பில்லாமல் மறுமுனைக்குப் போய்ச் சேர்வதை அந்த ஆய்வு காட்டியது.

ஜொகூருக்கு அந்தக் கொடை இல்லை. தெசாருவுக்கு முன்னால் இருப்பது தென்சீனக் கடல். சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகிய தீவுகள் இந்தியப் பெருங்கடலின் நீண்ட அலைகளை மறித்துவிடுகின்றன. பிலிப்பைன்ஸ் பசிபிக்கை மறிக்கிறது. ஆக, நம் கரைக்கு வரும் அலையை இந்தக் கடலே பெற்று இந்தக் கடலே வளர்க்கிறது. அதைப் பிரித்து அடுக்க இடம் போதாது. 5, 6, 8 விநாடி அலைகள் கைகோத்தபடியே கரையேறுகின்றன. தூர அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், கூட்டங்களுக்கு நடுவே கடல் சில நிமிடம் அமைதியாகும், அந்த அமைதியில் பலகையைத் துழாவிக்கொண்டு வெளியே போய்விடலாம். தெசாருவில் பருவக்காற்றின் நடுவே அப்படி மூச்சுவிட நேரம் கிடைப்பதில்லை. ஒன்றரை மீட்டர் அலைக்குக்கூட இங்கே தோள் அதிகம் வலிப்பது இதனால்தான்.

இதை நன்றாக உணர, காற்றும் அலையும் வெவ்வேறு இடத்திலிருந்து வரும் ஒரு கரையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசுகிறது. அலையோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பிறந்து, இலங்கையின் கிழக்குப் பக்கமாக ஏறி வருகிறது. காலையில் கரையிலிருந்து காற்று, தெற்கிலிருந்து அலை, ஒன்றுக்கொன்று பகையில்லை. 2012இல் கோவளம் மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளியில் மீனவப் பிள்ளைகள் பலர் கற்றுத் தேறினார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. இலங்கையில் பொத்துவிலுக்கு அருகே உள்ள அறுகம் குடாவுக்கும் இதே கொடுப்பினை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே கூட்டம் அலைமோதுவது இந்த ஏற்பாட்டால்தான்.

அதே தூர அலைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2024 ஏப்ரல் இறுதியில் தெற்குப் பெருங்கடலின் பலத்த காற்றில் பிறந்த அலைகள், ஏறத்தாழ ஒரு வாரப் பயணத்துக்குப் பிறகு மே முதல் வாரத்தில் கேரளத்தையும் குமரி மாவட்டத்தையும் வந்தடைந்தன. உள்ளூரில் காற்றும் இல்லை, மழையும் இல்லை, வானம் வெளுத்திருந்தது. மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அப்படியிருந்தும் மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோயிற்று. வானத்தை மட்டும் பார்த்துக் கடலை மதிப்பிடும் பழக்கம் அந்தக் கரைகளில் உயிரைக் கேட்கும். ஜொகூரின் கிழக்குக் கரையில் அப்படி நடப்பதற்கு வழி குறைவு. இங்கே கடல் பொங்கினால் அதற்கு முன்பே காற்று சொல்லிவிடும். அந்தச் சொல்லைக் கேட்கப் பழகுவதுதான் வேலை.

காற்று எங்கே தொடங்குகிறது? சைபீரியாவில். குளிர்காலத்தில் அங்கே தரையோடு தரையாகக் கனத்த குளிர்காற்று தேங்கி நிற்கும், காற்றழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அணை உடைந்ததுபோல அது தெற்கே சீனத்தின் மேல் பாய்ந்து கடலில் இறங்கும். வானிலையாளர்கள் இதைக் குளிர்ப் பாய்ச்சல் என்கிறார்கள். கடலில் இறங்கியபின் காற்று வடகிழக்கிலிருந்து தென்மேற்கு நோக்கி நீண்டு விரைகிறது. வியட்நாமின் கிழக்குப் புடைப்பைத் தாண்டும் இடத்தில் அது இன்னும் வேகம் பிடிக்கும். சீனக் கரையில் பாய்ச்சல் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் அதன் விளைவு தென்சீனக் கடலின் தெற்கு முனைக்கு வந்துவிடும். சில நாள் வீசும், பிறகு தளரும், பிறகு அடுத்த பாய்ச்சல். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஜொகூரின் அலைப்பருவம் இப்படி மூச்சு வாங்கி மூச்சு விடுவது. தொடர்ச்சியான ஒரே பருவம் என்று எண்ணி வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இந்தக் காற்று எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 2001 டிசம்பர் ஒரு சான்று. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புவிச்சுழற்சியின் திருப்புவிசை மிகவும் மெலிந்திருப்பதால் சூறாவளி உருவாகாது என்பதே எல்லாரும் ஏற்றுக்கொண்ட பாடம். அந்த ஆண்டு பலமான குளிர்ப் பாய்ச்சல் ஒன்று போர்னியோவுக்கு அருகே நின்ற காற்றுச்சுழலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. டிசம்பர் 26 அன்று வட அட்சரேகை 1.4 பாகையில் வமேய் என்ற சூறாவளி உருவாயிற்று, மறுநாள் தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. ஜொகூரிலும் பகாங்கிலும் வெள்ளம் புகுந்தது, உயிர்கள் போயின. நிலநடுக்கோட்டுக்கு இத்தனை அருகில் சூறாவளி உருவானதற்கு அதற்கு முன் பதிவு இல்லை. பாடநூலைத் திருத்தவைத்த அந்தப் புயல் நுழைந்த கரையும் இன்று வார இறுதியில் பலகையோடு போகிற கரையும் ஒன்றுதான்.

இனி திசை. தெசாருக் கரை கிழக்கும் சற்று வடக்குமாகப் பார்த்து நிற்கிறது. அங்கிருந்து வடக்கே நேராகப் பார்த்தால் தியோமான் தீவு. வடகிழக்கில் ஏறத்தாழ 280 கி.மீ. தொலைவில் இந்தோனேசியாவின் அனம்பாஸ் தீவுகள். அவற்றுக்கும் அப்பால் நத்துனா. வடக்கு–வடகிழக்கில் வெகுதூரத்தில் வியட்நாமின் புடைப்பு. வரைபடத்தில் ஒரு கோல் வைத்துப் பார்த்தால், வியட்நாமுக்கும் அனம்பாஸுக்கும் நடுவே ஒரு குறுகிய வாயில் தெரியும். தென்சீனக் கடலின் ஆழமான நடுப்பகுதி அந்த வாயில் வழியாகத்தான் தெசாருவைப் பார்க்கிறது. அந்தத் திசையில், அதாவது வடக்கிலிருந்து 30 முதல் 45 பாகை கிழக்கே சாய்ந்து வரும் அலைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட இடமிருக்கிறது. அது கொஞ்சமாவது அடுக்கப்பட்டு வருகிறது. சுத்தக் கிழக்கிலிருந்து வருவது அருகில் பிறந்தது, குட்டையானது. முன்னறிவிப்பில் 1.5 மீட்டர் என்று இரண்டு நாளுக்கும் ஒரே எண் இருந்தாலும், திசை 35 பாகையா 75 பாகையா என்று பார்த்தபிறகே நான் நாளைத் தேர்வேன். கணினி மாதிரிகளின் கட்டங்கள் பெரியவை, சிறு தீவுகள் போடும் அலைநிழலை அவை முழுதாகப் பிடிப்பதில்லை. அந்தத் திருத்தத்தை நாமே மனத்தில் செய்துகொள்ள வேண்டும்.

ஆழமும் இங்கே தன் பங்கைக் கேட்கிறது. தென்சீனக் கடலின் தெற்குப் பாதி சுண்டா கண்டத்திட்டின் மேல் கிடக்கிறது. கடந்த பனியுகத்தில் மனிதரும் விலங்குகளும் நடந்து திரிந்த நிலம் அது. பல இடங்களில் ஆழம் 100 மீட்டரைத் தொடுவதில்லை. தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததும் அலை தரையை உணரத் தொடங்கும். 10 விநாடி அலையின் நீளம் 156 மீட்டர், ஆகவே அது 78 மீட்டர் ஆழத்திலேயே தரையோடு உரசத் தொடங்குகிறது. கரைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் முன்பே அதன் ஆற்றலில் ஒரு பங்கு கடற்படுகைக்குப் போய்விடுகிறது. நீண்ட அலைகள்தாம் இதில் அதிகம் இழக்கின்றன. நடுக்கடலில் 3 மீட்டர் என்று சொல்லப்பட்ட நாளில் தெசாருவில் அதைவிடக் குறைவாக வந்து சேர்வதற்கு இது ஒரு காரணம். ஏமாற்றப்பட்டோம் என்று முன்னறிவிப்பைத் திட்ட வேண்டாம்.

அந்த 3 மீட்டர் என்பது என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரில் நேசப்படைகள் கரையிறங்குவதற்குக் கடல் இடம் கொடுக்குமா என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. மங்கும் அவருடைய ஆசிரியர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் உருவாக்கிய கணிப்பு முறை 1944 ஜூன் 6 நார்மண்டி இறக்கத்துக்கும் பயன்பட்டது. கடலில் எல்லா அலையும் ஒரே உயரமில்லையே, எதைச் சொல்வது என்ற கேள்வி எழுந்தது. மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியை எடுத்தார்கள். பழகிய கண் பார்த்துச் சொல்லும் உயரத்தோடு அது பொருந்தியது. இன்று நாம் கைப்பேசியில் பார்க்கும் எண்ணும் அதுதான். ஆகவே 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால் பெரும்பாலான அலைகள் அதைவிடச் சிறியவை. ஆனால் சில மணி நேரம் கடலில் இருந்தால் அதைப்போல ஏறக்குறைய இருமடங்கு உயரமான ஒன்று வரவே செய்யும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த இரண்டாவது வாக்கியத்தை மறக்கக்கூடாது.

முன்னறிவிப்புப் பக்கம் பொதுவாக அலையை இரண்டாகப் பிரித்துக் காட்டும்: காற்றலை, தூர அலை. காற்று இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும் அலை முதலாவது; காற்றைவிட வேகமாக ஓடி அதன் பிடியிலிருந்து தப்பியது இரண்டாவது. பாலியைப் போன்ற இடத்தில் இவை வெவ்வேறு அலைகள். தெசாருவில் பெரும்பாலும் ஒரே அலைதான். 7 விநாடி அலையின் முகடு ஓடும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 39 கி.மீ. அதற்குக் குறையாத காற்று பின்னால் இருக்கும்வரை கணினி அதைக் காற்றலை என்று எழுதும். காற்று தளர்ந்தால் அதே அலையைத் தூர அலைப் பகுதிக்கு மாற்றிவிடும். வியாழக்கிழமை தூர அலை அரை மீட்டர், சனிக்கிழமை 1.3 மீட்டர் என்று ஏறுவதைப் பார்த்துப் புதிதாக அலை வருகிறது என்று நினைக்க வேண்டாம். காற்றலைப் பகுதி அதே நேரத்தில் இறங்கியிருக்கும். அந்த இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். காற்று கையை விட்ட நேரம் அது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை தென்சீனத்தில் காற்றழுத்தம் வேகமாக ஏறுகிறது, வியட்நாமுக்குக் கிழக்கே பலத்த வடகிழக்குக் காற்று தெரிகிறது. புதன்கிழமை எச்சரிக்கையில் கிழக்கு ஜொகூர் என்ற பெயர் வந்துவிடுகிறது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தெசாருவில் மணிக்கு 35 கி.மீ. காற்று, 2.3 மீட்டர் அலை, 8 விநாடி. சனிக்கிழமை மாலை காற்று 18 கி.மீ.க்கு இறங்குகிறது. ஞாயிறு விடியலில் வடமேற்கிலிருந்து 8 கி.மீ., அலை 1.4 மீட்டர், இன்னும் 8 விநாடி. திங்கள் காலை 0.9 மீட்டர், 7 விநாடி. உயரத்தைப் பார்க்கிறவர் வெள்ளிக்கிழமை விடுப்பு எடுப்பார். கடலைப் படிக்கிறவர் ஞாயிறு விடியலுக்கு முன் ஜொகூர் பாருவிலிருந்து புறப்படுவார். வியட்நாமுக்கு அப்பால், 1,200 கி.மீ. தொலைவில் பிறந்த 8 விநாடி அலைக்கு மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் தெசாரு வர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அவ்விடத்தில் காற்று வெள்ளிக்கிழமையே ஓய்ந்திருந்தாலும், அதற்கு முன் புறப்பட்ட அலை ஞாயிறு வரைக்கும் வழியில்தான் இருக்கும். காற்று ஓய்வதற்கும் அலை ஓய்வதற்கும் இடையிலான அந்தக் கால இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

அந்த வடமேற்குக் காற்று தற்செயலானது அல்ல. இரவில் நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்கிறது, குளிர்ந்த காற்று கடலை நோக்கி மெல்ல நழுவுகிறது. இதுவே நிலக்காற்று. பருவக்காற்று பலமாக இருக்கும் நாளில் அதற்கு எதிரே இந்த மெல்லிய காற்று எடுபடாது. மேகம் மூடிய இரவில் தரையின் வெப்பம் வெளியேற வழியில்லாததால் அது பிறப்பதே அரிது. பாய்ச்சல் தளர்ந்து, வானம் தெளிந்து, விண்மீன் தெரியும் இரவுக்கு அடுத்த காலைதான் அதன் நேரம். அலையின் முகத்துக்கு எதிராக அது மெதுவாக வீசும்போது அலை சட்டென்று கவிழாமல் நிமிர்ந்து நிற்கிறது, இன்னும் கொஞ்சம் கரைப்பக்கமாக வந்து, இன்னும் ஆழம் குறைந்த இடத்தில் உடைகிறது. கடற்காற்று அதையே பின்னாலிருந்து தள்ளி, ஆழத்திலேயே தலை கவிழ்த்து நுரையாக்கிவிடும். ஆகவே முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். முன்னறிவிப்பில் இல்லாத ஒரு தகவல் அங்கே இருக்கும்.

நேரத்தைப் பற்றி இரண்டு சொல். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதனால் ஜனவரியில் இங்கே ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் எழும். நிலம் சூடேறிக் கடற்காற்று கிளம்ப ஒன்பதரை, பத்து மணியாகும். வெளிச்சம் வந்ததிலிருந்து அதுவரை இரண்டரை மணி நேரம் நம்முடையது. மாதிரிகள் பல உலகப் பொதுநேரத்தில் எழுதுகின்றன. எட்டு மணி கூட்டிக்கொள்ளாதவர் காலைக் காற்றை நள்ளிரவுக் காற்றாகப் படித்துவிடுவார்.

ஓதத்தையும் பார்க்க வேண்டும். அலை தன் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடைகிறது. 1894இலேயே கணக்கிடப்பட்ட விகிதம் அது. 1.4 மீட்டர் அலைக்கு 1.8 மீட்டர் ஆழம் வேண்டும். தெசாருவில் பாறைத்தளம் இல்லை, அலை மணல்திட்டுகளின் மேல்தான் உடைகிறது. கடல்மட்டம் ஒரே நாளில் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும்போது உடையும் இடமும் திட்டைவிட்டு நகர்ந்துபோகும். நீர் நிறைந்திருந்தால் அலை திட்டைக் கண்டுகொள்ளாமல் வந்து கரையிலேயே அறையும். நீர் வற்றினால் நீளவாட்டில் ஒரே நொடியில் கவிழும், சறுக்கிப்போக முகம் இருக்காது. நடுமட்டத்தில், அதிலும் நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், நல்ல அலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இந்தக் கரையில் ஒரே நாளின் இரண்டு ஓதங்களும் ஒரே உயரம் இருப்பதில்லை என்பதால், ஓத அட்டவணையில் நேரத்தை மட்டும் பார்க்காமல் உயரத்தையும் பாருங்கள். ஒவ்வொரு பெரிய பாய்ச்சலும் திட்டுகளைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்துவிடும். டிசம்பரில் நன்றாக உடைந்த இடம் பிப்ரவரியில் வெறும் பள்ளமாகிக் கிடக்கலாம். தஞ்சோங் பாலாவ் முனையை ஒட்டி அலை வளைந்து உள்ளே வருவதால் காற்று சற்று மிஞ்சிய நாளிலும் அங்கே ஓரளவு ஒழுங்கு கிடைக்கும்.

திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்கள்தாம் இந்தக் கரையின் பெரிய ஆபத்து. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர் அந்தப் பள்ளங்களின் வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. இதுவே இழுவோட்டம். இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவே மட்டும் அலை உடையாமல், கறுத்து அமைதியாகத் தெரியும் பட்டைதான் அது. நீந்த வருகிற குடும்பங்கள் அந்த அமைதியைப் பாதுகாப்பு என்று நம்பி அங்கேயே இறங்குகிறார்கள். அலைச்சறுக்குபவருக்கு அது வெளியே போக உதவும் ஓடை, நீந்துபவருக்கு அது மரணம். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. மிதந்தபடியே கரைக்கு இணையாக நகர்ந்து, நுரை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு திரும்ப வேண்டும். காற்று ஓய்ந்த மறுநாள், வெயிலடிக்கும் ஞாயிற்றுக்கிழமை, இந்த ஆபத்து மிகுந்திருக்கும். அலை இன்னும் அடங்கவில்லை, கூட்டமோ வந்துவிடுகிறது. நல்ல நாளைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர், தண்ணீரில் இறங்குமுன் பக்கத்தில் பாய் விரித்திருக்கும் குடும்பத்திடம் அந்தக் கறுத்த பட்டையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

எல்லாக் கணக்கும் முடிந்து கரைக்கு வந்தபின் பலகையை இறக்குவதற்கு முன் கால் மணி நேரம் நின்று பாருங்கள். வெளிக்கடலில் அங்கங்கே வெள்ளை நுரைப்பூக்கள் தெரிந்தால் அங்கே காற்று மணிக்கு 12 கி.மீ.யைத் தாண்டியிருக்கிறது என்று பொருள். கைக்கடிகாரத்தை வைத்து அடுத்தடுத்த பதினொரு முகடுகள் ஓர் இடத்தைக் கடக்கும் நேரத்தை எடுத்துப் பத்தால் வகுத்தால் அலைக்காலம் கிடைத்துவிடும். முன்னறிவிப்பு 8 என்றது, கடல் 5 என்கிறது என்றால் கடல் சொல்வதுதான் சரி. அப்போது தஞ்சோங் பாலாவ் முனைக்கு அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கும் அப்படியே இருந்தால், பண்டார் பெனாவாரில் பசியாறிவிட்டு வீடு திரும்பலாம். மார்ச் வரை பாய்ச்சல்கள் இன்னும் இருக்கின்றன.